17 வருடம் கட்டிய லாக்கு, வருடத்துக்கு 45 நாள் தண்ணீர்

மாமனார் பொதுப்பணித் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். டெல்டாவில் மதகு, ஷட்டர், கலிங்கு என்றே காலத்தை ஓட்டி உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவர். வர்ஜீனியாவில் எங்கள் வீட்டுக்கு வந்தவரை முதல் மூன்று வாரமும் வாஷிங்டன் அருங்காட்சியகங்களுக்கு இழுத்துக்கொண்டு அலைந்தேன். மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே வந்தார். “ஜார்ஜ் வாஷிங்டன் ஆரம்பிச்ச வாய்க்கால் ஒண்ணு காட்டுக்குள்ள பாழடைஞ்சு கெடக்கு மாமா” என்று ஒருநாள் சொன்னதும், சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காமல் ஷூவைத் தேடினார்.

வாஷிங்டன் நகரிலிருந்து பொட்டோமாக் ஆற்றை எதிர்த்து 15 மைல் போல மேலே போனால் கிரேட் ஃபால்ஸ். வர்ஜீனியா கரையில் சுமார் 800 ஏக்கர் காடு, தேசியப் பூங்கா. ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் ஆறு இங்கே 76 அடி இறங்கிவிடுகிறது. குற்றாலம் மாதிரி ஒரே வீச்சாக விழாது. பாறையில் முட்டி, பல கிளையாகப் பிரிந்து, படிபடியாக நுரைத்து இறங்கி, மேத்தர் கோர்ஜ் என்கிற இடுக்குப் பள்ளத்தாக்கில் போய் நுழையும். பார்வை மேடைகளில் எப்போதும் கூட்டம் இருக்கும். நவம்பர் கடைசி வாரக் குளிரிலும் இருந்தது.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, எந்த வருட வெள்ளம் எதுவரை ஏறியது என்று குறித்திருக்கிறார்கள். 1936, 1942, 1972, 1985, 1996. எல்லாவற்றுக்கும் மேலே 1936. நாங்கள் நின்ற பாறையே ஆற்றிலிருந்து நல்ல உயரம். கம்பத்தின் குறியோ அதற்கும் மேலே, எங்கள் தலைக்கு மேலே. மாமா அண்ணாந்து பார்த்தார்.

“இவ்வளவு ஏறுற ஆறு, கோடையில எவ்வளவு எறங்கும் மாப்ள?”

எனக்குத் தெரியவில்லை. அவர் சரியான கேள்வியை முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டுவிட்டார். நான் பதிலைத் தேடிப் படித்து முடிக்க இரண்டு வாரம் ஆனது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு வாரத்தின் விளைவு.

லாக்கு என்றால்

சென்னைக்காரர்களுக்குச் சொல் புதிதாக இருக்காது. கோட்டூர்புரத்தில் லாக் தெரு உண்டு, சேப்பாக்கம் பக்கம் லாக் நகர் உண்டு. பூட்டு விற்கிற இடமில்லை அவை. பக்கிங்காம் கால்வாயில் படகு ஓடிய காலத்தின் மிச்சம்.

லாக்கு என்பது படகை மாடியிலிருந்து தரைக்கு இறக்குகிற தண்ணீர்த் தொட்டி. இரண்டு பக்கமும் சுவர், முன்னும் பின்னும் கதவு. மேல் கதவு வழியாகப் படகு தொட்டிக்குள் வரும். அதை மூடிவிட்டு, கீழ்ப்பக்கத்துச் சின்ன ஷட்டரைத் தூக்கினால் தொட்டி மெல்ல வடியும், படகும் தண்ணீரோடு சேர்ந்து இறங்கும். கீழே இருக்கிற மட்டத்துக்கு வந்ததும் கீழ்க் கதவைத் திறந்து போய்க்கொண்டே இருக்கலாம். ஏற வேண்டிய படகுக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். பம்பு வேண்டாம், எஞ்சின் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு தொட்டித் தண்ணீர் மேலிருந்து கீழே போகும், அவ்வளவுதான் செலவு. கதவுகள் ஜோடியாக, மேல்நீரைப் பார்த்து முனை நீட்டி, கூரை முகடு போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து மூடும். தண்ணீர் அழுத்த அழுத்த இன்னும் இறுகும். இதற்குத் தாழ்ப்பாள்கூடத் தேவையில்லை.

கிரேட் ஃபால்ஸில் இப்படி 5 லாக்குகள். அருவிக்கு மேலே ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால் கரையோரக் காட்டுக்குள் ஏறக்குறைய ஒரு மைல் ஓடும். பிறகு இந்த ஐந்து தொட்டிகள் வழியாகப் படிபடியாக இறங்கி, அருவி முடிந்த இடத்தில் பள்ளத்தாக்குக்குள் மறுபடி ஆற்றோடு சேரும். முதல் லாக்கு 10 அடி இறக்கும், இரண்டாவது 16, மூன்றாவது 14, கடைசி இரண்டும் 18 அடி. கூட்டினால் 76. ஆறு முட்டி மோதி இறங்குகிற அதே உயரத்தைப் படகு சத்தமில்லாமல் இறங்கிவிடும்.

பொதுநலமும் சொந்த நிலமும்

வாஷிங்டன் இளம் வயதில் நில அளவையாளர். பொட்டோமாக் ஆறு அவர் வீட்டு வாசலில் ஓடுகிற ஆறு. சுதந்திரப் போர் 1783-இல் முடிந்தது. அடுத்த வருடமே மேற்கே மலை தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்பலாச்சியன் மலைக்கு அந்தப்புறம் குடியேறியவர்கள் விளைந்ததை விற்க மிசிசிப்பி வழியாக ஸ்பெயின்காரர்களிடம் போவார்கள், இல்லையென்றால் வடக்கே பிரிட்டிஷ்காரர்களிடம் போவார்கள். கிழக்குக் கரையோடு அவர்களைக் கட்டிப்போட எதுவும் இல்லை. ஓர் இறகு பட்டாலே எந்தப் பக்கமும் சாய்ந்துவிடக்கூடிய நிலையில் இருக்கிறார்கள் என்று 1784-இல் வர்ஜீனியா ஆளுநருக்கு எழுதினார். பொட்டோமாக்கைப் படகுப் பாதையாக்கினால் அவர்கள் சரக்கு இந்தப் பக்கம் வரும், நாடும் ஒன்றாக நிற்கும் என்பது அவர் கணக்கு. மேற்கே அவருக்குச் சொந்தமாக ஏராளமான நிலமும் இருந்தது. பாதை வந்தால் அதன் விலையும் ஏறும். இரண்டும் ஒரே வாய்க்காலில் ஓடின. இதை அவர் பெரிதாக மறைக்கவும் இல்லை.

ஆற்றின் ஒரு கரை மேரிலாந்து, மறுகரை வர்ஜீனியா. இரண்டு மாநிலமும் ஒத்துக்கொள்ளாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. (ஆற்றுத் தண்ணீரில் இரண்டு மாநிலம் உட்கார்ந்து பேசி ஒத்துப்போனது என்றதும் மாமா முகத்தில் வந்த சந்தேகத்தை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.) ஆற்றுப் போக்குவரத்தைப் பற்றிப் பேச 1785 மார்ச்சில் வாஷிங்டன் வீட்டில் இரண்டு மாநிலத்தாரும் கூடினார்கள். அது ஒழுங்காக நடந்ததால் மற்ற மாநிலங்களையும் கூப்பிட்டுப் பேசலாம் என்று 1786-இல் அனாபொலிஸில் ஒரு கூட்டம் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1787-இல் பிலடெல்ஃபியாவில் கூடியவர்கள்தான் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தை எழுதினார்கள். வாய்க்கால் நஷ்டத்தில் மூழ்கியது. வாய்க்காலுக்காகக் கூடிய கூட்டத்தின் வாரிசு இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

1785 மே மாதம் பொட்டோமாக் கம்பெனி தொடங்கியது. பங்குக்கு 100 பவுண்டு வீதம் 500 பங்குகள் என்று திட்டம். வாஷிங்டன் தலைவர். 1789-இல் நாட்டுக்கே தலைவரானபோதுதான் இந்தப் பதவியை விட்டார்.

கம்பெனி தொடக்கத்திலேயே எடுத்த ஒரு முடிவை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நீளமாக ஒரு கால்வாய் வெட்டப் பணமில்லை. அதனால் ஆற்றையே பாதையாக வைத்துக்கொள்வது, நடுவில் துருத்துகிற பாறைகளை உடைத்து எடுப்பது, படகு போகவே முடியாத 5 இடங்களில் மட்டும் பக்கவாட்டில் வாய்க்கால் வெட்டிச் சுற்றிக்கொண்டு போவது. மூன்று இடங்களில் வாய்க்கால் போதும். லிட்டில் ஃபால்ஸ், கிரேட் ஃபால்ஸ் இரண்டுக்கும் லாக்கு வேண்டும். காகிதத்தில் மிகச் சிக்கனமான திட்டம். அன்றைக்கு அங்கே நான் இருந்தாலும் கை தூக்கியிருப்பேன்.

சாணால் அளந்த கல்

பார்வை மேடைகளைத் தாண்டி ஆற்றோட்டத்தின் திசையில் நடந்தால் கூட்டம் மறைந்துவிடும். அருவிச் சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் வரும். பாதையோரம் அகலமாக ஒரு பள்ளம். அதற்குள் ஆளுயரத்துக்கு மேல் மரங்கள், அடியில் முழங்கால் அளவுக்குச் சருகு. அதுதான் வாய்க்கால். மாமா பள்ளத்தின் விளிம்பில் நின்று, எதிரெதிர்க் கரைகளைக் கையால் கோடு இழுப்பது மாதிரி காட்டி, “கரை கட்டின மண்ணு இந்தப் பக்கம், வெட்டின பக்கம் அது” என்றார். நான் மூன்று தடவை வந்தும் அதைப் பள்ளமாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

வழியில் சில கல் அடித்தளங்களும் ஓர் உடைந்த சுவரும் இருக்கின்றன. அவை மாட்டில்டாவில் என்கிற ஊர். வாய்க்கால் வேலை நடந்தபோது, வியாபாரம் கொழிக்கும் என்று நம்பி ‘லைட் ஹார்ஸ் ஹாரி’ என்று பெயர்பெற்ற ஹென்றி லீ 1790-இல் உண்டாக்கிய ஊர். போர்த் தளபதி, பின்னாளில் வர்ஜீனியா ஆளுநர், உள்நாட்டுப் போரில் தெற்குப் படையை நடத்திய ராபர்ட் லீயின் அப்பா. இறந்துபோன மனைவி மாட்டில்டாவின் பெயரை ஊருக்கு வைத்தார். மாவு மில், மரமறுக்கும் மில், இரும்பு வார்ப்படம், சத்திரம், வேலையாட்கள் தங்கும் கொட்டகை எல்லாம் இருந்தன. லீ நிலத்தில் பணத்தைப் போட்டுக் கெட்டு, 1809-இல் கடனாளிச் சிறைக்கே போனார். ஊர் வாய்க்காலோடு சேர்ந்து அடங்கிவிட்டது. நாங்கள் பார்த்தபோது சத்திரம் இருந்த பக்கம் ஓர் அணில் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது.

அடுத்து முதல் லாக்கு. ஐந்தில் நன்றாக நிற்பது இதுதான். சிவப்பு மணற்கல். ஆற்றின் மேலே செனெகா என்ற இடத்துக் கல். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் ‘கோட்டை’ என்று எல்லோரும் படம் எடுக்கிற செங்கட்டிடமும் செனெகா கல்தான், ஆனால் அது அரை நூற்றாண்டு பிந்தியது. லாக்கு சுமார் 100 அடி நீளம். கதவுகள் மரம் என்பதால் என்றைக்கோ போய்விட்டன. கல் அப்படியே இருக்கிறது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெயில் உள்ளே இறங்குவதால் சுவர் காய்ந்த மிளகாய் நிறத்தில் தெரிந்தது.

மாமா குனிந்து இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த பொருத்தைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் நுழையவில்லை. சாண் வைத்துக் கல்லின் உயரத்தை அளந்தார். “கொத்தனார் வேலை இல்ல இது, கல்தச்சன் வேலை” என்றார். அப்புறம் விரல் ஓர் இடத்தில் நின்றது. கல்லின் முகத்தில் உளியால் கீறிய ஒரு குறி. சில கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற மாதிரி, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. கொஞ்சம் தள்ளி இன்னொரு கல்லில் வேறு ஒரு குறி.

“கூலிக் குறி” என்றார் உடனே. அதுவேதான். எந்தக் கல்லை எந்தத் தச்சர் செதுக்கினார் என்று கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்க, ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு குறி வைத்திருந்தார்கள். கம்பெனித் தலைவர்கள் படம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இவர்கள் பெயர் கல்லில்கூட இல்லை, குறி மட்டும்தான்.

அதற்குக் கீழே இருக்கிறவர்களுக்குக் குறியும் கிடையாது. மண் வெட்டியவர்களில் கூலியாட்கள் கொஞ்சம், கப்பல் கூலிக்காக வருடக்கணக்கில் தன்னை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த ஒப்பந்தக் கூலிகள் கொஞ்சம், எஜமானர்களிடமிருந்து வாடகைக்கு எடுத்த கறுப்பின அடிமைகள் கொஞ்சம். ஒப்பந்தக் கூலிகள் ஓடிப்போய்க்கொண்டே இருந்தார்கள். ஓடினால் அடையாளம் தெரிய வேண்டும் என்று தலையையும் புருவத்தையும் மழிக்க வைத்தது கம்பெனி. அடிமைகளின் வாடகை அவர்கள் கைக்கு வராது, எஜமானர் கைக்குத்தான் போகும். வழிகாட்டிப் பலகையில் வாஷிங்டன் பெயருக்கு இருக்கிற எழுத்தளவைப் பார்த்துவிட்டு இதைப் படித்தால் கொஞ்ச நேரம் வாய் கசக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது, மூன்றாவது லாக்குகள் சரிந்துபோய்க் கிடக்கின்றன. கடைசி இரண்டும் வேறு ரகம். அங்கே கட்டவில்லை, குடைந்திருக்கிறார்கள். செங்குத்தான பாறையை மேலிருந்து கீழ்வரை பிளந்து ஆற்றுக்கு ஒரு வாசல் திறந்த மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் பொறியியல் வேலைக்குக் கறுப்பு வெடிமருந்தைப் பயன்படுத்திய முதல் சில இடங்களில் இது ஒன்று. பாறையில் கையால் தமர் அடித்து, மருந்தைக் கெட்டித்து, திரி வைத்துவிட்டு ஓட வேண்டும். கிணறு வெட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் லட்சணம் தெரியும். மின்சாரம் கிடையாது, டைனமைட் கண்டுபிடிக்க இன்னும் அறுபது வருடத்துக்கு மேல் இருக்கிறது.

கம்பெனியில் யாருக்கும் லாக்கு கட்டிய அனுபவம் இல்லை. முதல் மேற்பார்வையாளர் ஜேம்ஸ் ரம்சி, நீராவிப் படகு ஆராய்ச்சியில் இருந்தவர். ஒரு வருடத்தில் விலகிவிட்டார். பிறகு வில்லியம் வெஸ்டன் என்கிற ஆங்கிலேயப் பொறியாளர் வந்து பார்த்து ஆலோசனை சொன்னார். லியோனார்ட் ஹார்பா வேலையை முடித்தார். லாக்குகள் தயாராகும்வரை, மேலே படகு வந்து நிற்கும், சரக்கை இறக்கிச் சரிவில் கீழே விட்டு, அங்கே வேறு படகில் ஏற்றுவார்கள். 1802 பிப்ரவரியில் 5 லாக்குகளும் திறந்தன. கம்பெனி தொடங்கி 17 வருடம். வாஷிங்டன் இறந்து இரண்டு வருடம்.

படகுக்காரர் வாழ்க்கை

மேலே கம்பர்லேண்டிலிருந்து கீழே ஜார்ஜ்டவுன் வரை 185 மைல். மாவு, விஸ்கி, புகையிலை, இரும்பு இறங்கி வரும். துணி, இரும்புச் சாமான், துப்பாக்கி ஏறிப் போகும். இறங்க 3 முதல் 5 நாள். ஆற்றை எதிர்த்துக் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு திரும்ப 10 முதல் 12 நாள். அந்தப் பாட்டுக்குப் பயந்து பலர் ஜார்ஜ்டவுனிலேயே படகை உடைத்து மரமாக விற்றுவிட்டு நடந்தே ஊருக்குப் போனார்கள். வந்த வழியே திரும்பாத படகுக்குத் திரும்பு சுங்கமும் கிடையாது. கம்பெனி கணக்கில் இது சின்ன ஓட்டை இல்லை என்பது என் ஊகம்.

ஐந்து லாக்குகளையும் கடக்க ஒரு மணி நேரம் போல ஆகும். இருபது வருடத்துக்கு மேல் ஆயிரக்கணக்கான படகுகள் இவ்வழியே போயிருக்கின்றன. கதவு உடைந்து படகு நின்றது என்பது கம்பெனியின் முக்கியக் குறைப் பட்டியலிலேயே இல்லை. லாக்கு தன் வேலையைச் செய்தது.

பிறகு ஏன்?

வழக்கமாகச் சொல்லப்படுகிற காரணங்கள் மூன்று. பங்கு எழுதிக் கொடுத்தவர்கள் தவணையைக் கட்டாமல் இழுத்தடித்தார்கள். ஆட்கள் கிடைக்கவில்லை, கிடைத்தவர்கள் ஓடினார்கள். தொழில் தெரியாதவர்கள் கையில் வேலை போனது. மூன்றும் உண்மை. ஆனால் மூன்றும் சேர்ந்து விளக்குவது ஏன் 17 வருடம் ஆனது என்பதை மட்டும்தான். கட்டி முடித்த பிறகு ஏன் ஓடவில்லை என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

கம்பெனி பங்குதாரர்களுக்கு லாபம் கொடுத்தது ஒரே ஒரு தடவை, 1802-இல். அதற்குப் பிறகு கிளை ஆறுகளையும் சீர்படுத்தினால் சரக்கு பெருகும் என்று ஷெனன்டோவா முதலான ஆறுகளில் கடன் வாங்கிப் போட்டார்கள். சுங்க வருமானம் வட்டிக்குக்கூடக் காணவில்லை. கடன் சுமார் 1,75,000 டாலருக்கு ஏறியது. வர்ஜீனியாவும் மேரிலாந்தும் சேர்ந்து ஒரு விசாரணைக் குழுவை அனுப்பின. அந்தக் குழு 1822-இல் கொடுத்த அறிக்கையில் இருக்கிற ஒரு வரிதான் மாமாவின் கேள்விக்குப் பதில். ஆற்றில் வெள்ளம் வரும்போது மட்டும்தான் படகு ஓடுகிறது, வருடம் முழுக்கக் கூட்டினாலும் சரக்குப் படகு போகக்கூடிய நாட்கள் 45-ஐத் தாண்டாது.

நாற்பத்தைந்து நாள்! கோடையில் ஆறு பாறை தெரிய வற்றிவிடும். அறுவடை முடிந்து, மாவு அரைத்து, மூட்டை தயாராகிற இலையுதிர்காலத்திலும் பெரும்பாலும் அதே நிலைதான். குளிர்காலத்தில் உறைந்துபோகும். வசந்தத்தில் பனி உருகித் தண்ணீர் வரும்போது மூட்டையோடு எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்ப வேண்டும். அதிலும் ஒரேயடியாக ஏறிவிட்டால் படகு பாறையில் மோதிச் சிதறும். நடுவில் கிடைக்கிற ஒரு சின்ன இடைவெளியை நம்பி மொத்த வியாபாரமும்.

1802 முதல் 1830 வரை 28 வருடம். குழுவின் கணக்கை அப்படியே நீட்டினால் 1,260 நாள். மூன்றரை வருடத்துக்கும் கொஞ்சம் கம்மி. முதல் லாக்கின் கல் ஓரங்கள் ஏன் இவ்வளவு கூராக இருக்கின்றன என்று நான் யோசித்ததுண்டு. கல் உறுதி ஒரு காரணம் என்றால், உபயோகம் குறைவு இன்னொன்றாக இருக்கலாம்.

இதை மாமாவிடம் சாப்பாட்டு மேசையில் படித்துக் காட்டினேன். அவர் மோர் சாதத்தை நிறுத்திவிட்டுச் சொன்னது:

“மேட்டூர்ல ஜூன் 12 திறந்தா ஜனவரி 28 வரைக்கும். 230 நாள் கணக்கு. அதுக்கே கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள எங்க உயிர் போயிரும். இவன் 45 நாளுக்கு இத்தனை கல்லைச் செதுக்கியிருக்கான். மதகு நல்லாத்தான் கட்டியிருக்கான் மாப்ள. தலைமதகுல தண்ணி நிக்க வழி பண்ணல.”

தலைமதகு என்று அவர் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். லாக்கு உயரப் பிரச்சினையைத் தீர்க்கும். ஆழப் பிரச்சினையைத் தீர்க்காது. பொட்டோமாக்கில் உயரம் சிக்கலாக இருந்தது ஒரு சில இடங்களில். ஆழம் சிக்கலாக இருந்தது கிட்டத்தட்ட 185 மைலிலும். ஆற்றுக்குக் குறுக்கே அங்கங்கே தடுப்பணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, தனியாக ஒரு கால்வாய்க்குள் ஒரே மட்டத்தில் வைத்திருந்தால் கோடையிலும் படகு போயிருக்கும். கம்பெனி கண்ணுக்குத் தெரிந்த எதிரியோடு சண்டை போட்டது. அருவி இரைச்சல் போடும், 76 அடி என்று அளக்க வரும், உடைக்கலாம். ஆறு வற்றுவது சத்தம் போடாது. வாஷிங்டன் ஆற்றை அறியாதவர் இல்லை, 1754-லேயே அதில் படகில் போய்ப் பார்த்தவர். மைய ஓட்டத்தில் உள்ள பாறைகளை எடுத்துவிட்டால் வருடத்தின் பெரும்பகுதி படகு ஓடும் என்ற நம்பிக்கையில் திட்டம் போட்டார்கள். பாறையை எடுக்கலாம். தண்ணீரை எங்கிருந்து எடுப்பது?

இதற்குக் கம்பெனியை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. முழுக் கால்வாய்க்கு அன்றைக்கு யாரிடமும் பணமில்லை. இருக்கிற பணத்தை எங்கே போடுவது என்றால் அருவியில்தான் போடுவார்கள். அருவியைத் தாண்டாமல் மற்றது எதற்கும் அர்த்தமில்லை. என் குறை வேறு: முதல் சில வருடங்களிலேயே நாள் கணக்கு கையில் இருந்திருக்கும். கடன் வாங்கிக் கிளை ஆறுகளுக்குப் போனது அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு. அதை மன்னிப்பது கஷ்டம்.

எதிர்க்கரை

1828-இல் பொட்டோமாக் கம்பெனி தன் சொத்து, கடன், உரிமை எல்லாவற்றையும் செசபீக் அண்ட் ஒஹையோ கால்வாய்க் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்ந்தது. புதியவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். மேரிலாந்து கரையில், ஆற்றோட்டத்தை நம்பாமல், அணை கட்டித் தண்ணீர் எடுத்து, 184.5 மைலுக்குக் கால்வாய். 74 லாக்குகள். 1830-இல் அந்தப் பக்கம் கிரேட் ஃபால்ஸ் பகுதி திறந்ததும் இந்தப் பக்கத்து ஐந்தையும் கைவிட்டார்கள்.

சரியான வைத்தியம்தான். ஆனால் கால்வாய்க்கு அதிபர் ஜான் குயின்சி ஆடம்ஸ் முதல் மண்வெட்டி போட்ட 1828 ஜூலை 4 அன்றே, பால்டிமோரில் ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் 1842-இல் கம்பர்லேண்டுக்குப் போய்விட்டது. கால்வாய் போய்ச் சேர 1850 ஆனது. அதன் பெயரில் இருக்கிற ஒஹையோவை அது கடைசிவரை எட்டவே இல்லை. 1924 வெள்ளத்தோடு அதுவும் நின்றது. இப்போது அந்தக் கரையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இந்தக் கரையில் 1906-இல் டிராம் பாதை வந்து, அருவியோரம் பொழுதுபோக்குப் பூங்கா முளைத்து, குடைராட்டினம் சுற்றியது. 1972-இல் ஆக்னஸ் புயல் வெள்ளம் ராட்டினத்தை அடித்துக்கொண்டு போனது. கம்பத்தில் 1972 குறியைப் பார்த்தபோது எனக்கு அது வெறும் எண்ணாக இருந்தது. அடுத்த தடவை போனபோது ராட்டினம் சுற்றிய இடம் எதுவாக இருக்கும் என்று தேடினேன்.

1982-இல் லாக்குகள் இருக்கும் பகுதியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். போக நினைப்பவர்கள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போவது நல்லது. கோடையில் இலை மூடிவிடும், சுவரைப் பார்க்க முடியாது, கை வைக்கிற இடத்தில் பாய்சன் ஐவி படர்ந்திருக்கும், பாறை இடுக்கில் காப்பர்ஹெட் பாம்பும் உண்டு. சுவர்மேல் ஏறக் கூடாது. ஐந்தாவது லாக்கின் விளிம்பில் குழந்தைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நேர் கீழே ஆறு.

பங்குகள் பற்றி ஒன்று மிச்சமிருக்கிறது. கம்பெனி தொடங்கிய வருடம் வர்ஜீனியா சட்டமன்றம் வாஷிங்டனுக்குப் பொட்டோமாக் கம்பெனியில் 50 பங்கும், இதே மாதிரி ஜேம்ஸ் ஆற்றுக்குத் தொடங்கிய கம்பெனியில் 100 பங்கும் அன்பளிப்பாகக் கொடுத்தது. எனக்காக வாங்கிக்கொள்ள மாட்டேன், பொதுக் காரியத்துக்கு என்றால் சரி என்றார். ஜேம்ஸ் ஆற்றுப் பங்குகளை லெக்சிங்டனில் ஒரு சின்னப் பள்ளிக்குக் கொடுத்தார். அதுதான் இன்றைய வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகம். பொட்டோமாக் பங்குகள் 50-ஐயும், தலைநகரில் நாட்டுக்கே பொதுவாக ஒரு பல்கலைக்கழகம் அமைக்க என்று உயிலில் எழுதிவைத்தார்.

“அந்தக் காலேஜ் எங்க இருக்கு? நாளைக்குப் போவோமா?” என்றார் மாமா.

கட்டவே இல்லை மாமா என்றேன்.